பத்துக்கு ஒன்பது பொருத்தமும் ஒரு கொசுவும்

மகன் கல்யாணம் முடியும்வரை மீன் தொடுவதில்லை என்று திருச்செந்தூர் சன்னதியில் நின்று வேண்டிக்கொண்டேன். மறு மாதமே பெண் பார்க்கக் கொல்கத்தாவுக்குப் போக வேண்டியதாயிற்று. முருகன் சோதிப்பான் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு குறிபார்த்துச் சோதிப்பான் என்று நினைக்கவில்லை.

எனக்குத் திசையன்விளையில் மளிகைக் கடை. எட்டாவது வரை படிப்பு. மகன் செந்திலுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. பெண், என் மனைவி கோமதியின் சித்தப்பா மகன் சங்கரலிங்கத்தின் மகள் மீனாட்சி. சங்கரலிங்கம் ரயில்வே வேலைக்காகக் கொல்கத்தா போனவன். ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே பெஹாலாவில் வீடு வாங்கித் தங்கிவிட்டான். கோமதிக்குத் தம்பி என்பதால் அவன் மகள் செந்திலுக்கு முறைப்பெண். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்பது கோமதி வீட்டு வழக்கம். அவளுடைய அப்பா அம்மாவே மாமன் மகள், அத்தை மகன்தான். ஜாதகம் பார்த்த ஜோசியர் பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்றார். இல்லாத அந்த ஒன்றைப் பற்றிக் கேட்டேன். "அது இல்லாம எத்தனையோ பேரு நல்லா இருக்காவ" என்றார்.

ஹௌராவில் இறங்கியதும் ஒரு மஞ்சள் டாக்சிக்காரரிடம் பெஹாலா என்றோம். போகமாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, மனம் இல்லை என்றார். கோபமே இல்லாமல் சொன்னதால் நாங்களும் கோபப்படவில்லை. அடுத்தவர் ஏற்றிக்கொண்டார். தெருமுனையில் வண்டி நின்றுவிட்டது. நடுத்தெருவில் மாடி வீட்டு உயரத்துக்கு மூங்கில் கட்டியிருந்தார்கள். துர்கா பூஜைக்கு இன்னும் வாரக்கணக்கில் கிடக்கிறது, இப்போதே பந்தலாம். எங்கள் ஊரில் தெருவை அடைத்தால் சண்டை வரும். இங்கே அம்மனுக்கு என்றால் பஸ்ஸே சுற்றிப் போகிறது. எனக்கு இந்த ஊரைப் பிடித்துப்போயிற்று. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மூங்கிலுக்குள் குனிந்து குனிந்து போய்ச் சேர்ந்தோம்.

கோமதி ஊரிலிருந்து பிச்சிப்பூவை ஈரத்துணியில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். ரயிலில் அது பாதி கறுத்துவிட்டது. ஆனாலும் ஊர்ப் பூ. செந்தில் மறுநாள் விமானத்தில்தான் வருகிறான். நல்ல நேரமோ அன்று சாயங்காலத்தோடு முடிகிறது. ஜாதகம் பொருந்திவிட்டது, முறையும் சரி, பையன் வந்து என்ன பார்க்கப் போகிறான் என்று கோமதி பெண்ணின் தலையில் அன்றைக்கே பூ வைத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி.

அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். "அத்தே, ஒரு விஷயம்..." என்று மீனாட்சி ஆரம்பித்தாள்.

"பொறு தாயி, நேரம் போயிரும்" என்றாள் கோமதி.

"மாமா, பூ வைக்கதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"எதுன்னாலும் பொறவு பேசிக்கிடலாம்மா" என்றேன் நான். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூ வைத்தாயிற்று. கோமதி போட்டோ எடுத்து வாட்ஸப்பில் எங்கள் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். காபி ஆறுவதற்குள் திசையன்விளையிலிருந்து துபாய் வரை வாழ்த்து வந்துவிட்டது.

அப்போதுதான் கீழ்வீட்டு வங்காளி அம்மாள் தட்டில் சந்தேஷ் என்ற பால் இனிப்பை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். எல்லோரும் அவரை மாசிமா என்று கூப்பிடுகிறார்கள். சித்தி என்பது மாதிரி. கல்யாணம் என்று கேட்டதும் கையைத் தட்டிச் சந்தோஷப்பட்டுவிட்டு, அடுத்த மூச்சிலேயே ஒரு கேள்வி கேட்டார். சங்கரலிங்கத்தின் மனைவி ராஜம் அதைத் தமிழில் சொல்லத் தயங்கினாள்.

"என்ன கேக்காவ?" என்றாள் கோமதி.

"மாப்பிள்ளைக்கு ரத்தம் பாத்தாச்சான்னு கேக்காங்க மதினி. தலசீமியாவாம், வழிவழியா வார ரத்த நோயாம். இங்க கல்யாணத்துக்கு முந்தி அதைப் பாக்கது உண்டு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். மாப்பிள்ளைக்கு அப்படிக் கண்டதில்லை. "எங்க வம்சத்துல அப்படி ஒரு நோயும் கிடையாதுன்னு சொல்லு" என்றேன். ராஜம் சொன்னாள். மாசிமா சிரிக்கவில்லை. "என் தம்பியும் அதைத்தான் சொன்னான். அவனும் அவன் பெண்டாட்டியும் நல்ல ஆரோக்கியம். அவர்கள் மகளுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறோம்" என்றார்.

பிறகு மீனாட்சி பேசினாள். இந்த முறை யாரும் தடுக்கவில்லை. "நான் காலேஜ்லயே டெஸ்ட் எடுத்தேன் மாமா. எனக்கு அந்தக் குறை பாதி இருக்கு. எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா செந்தில் அத்தானுக்கும் பாதி இருந்தா, பொறக்குற பிள்ளைக்கு ரெண்டு பாதியும் சேந்துரலாம்."

ராஜம் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரத்தக் கம்மின்னுல்லா நான் நெனச்சேன். முருங்கைக்கீரை குடுத்தேனேடி."

முருங்கைக்கீரை என்றதும் கோமதி என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கும் ரத்தக் கம்மிதான். டானிக், பேரீச்சம்பழம், கீரை எதிலும் ஏறவில்லை. செந்திலுக்கும் கம்பெனி செக்கப்பில் அதையே சொன்னார்கள்.

அன்று இரவு மாசிமா பருப்பு கொடுத்தனுப்பினார். மீன் சாப்பிடமாட்டோம் என்று ராஜம் முன்பே சொல்லியிருந்தாள். மூடியைத் திறந்தால் பருப்புக்குள்ளிருந்து ஒரு மீன் கண் என்னைப் பார்த்தது. மீன் துண்டு போடவில்லை, தலை மட்டும்தான் என்று பிறகு விளக்கம் வந்தது. நான் தயிரும் சோறும் சாப்பிட்டுப் படுத்தேன்.

மறுநாள் மீனாட்சி தன் வேலை செய்யும் இடத்தைக் காட்டுகிறேன் என்றாள். ஜாதவ்பூரில், யுனிவர்சிட்டிப் பக்கம். நடுவில் ஆட்டோ மாற வேண்டும். இங்கே ஆட்டோவில் பின்னால் மூன்று பேர், முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒருவர். முன்னால் உட்கார்ந்தவன் நான். உடம்பில் ஒரு பாதி உள்ளே, மறுபாதி கொல்கத்தாவுக்குச் சொந்தம். மழைத்தண்ணீரில் வண்டி நின்றுபோனது. டிரைவர் இறங்கச் சொல்லவில்லை. ஒரு பீடி பற்ற வைத்துக்கொண்டு, தண்ணீர் வடிந்துவிடும் என்றார். வடிந்தது. நாங்கள் போனோம்.

அந்தப் பெண்ணின் வேலை கொசு வளர்ப்பது. ஊரெல்லாம் கொசுவை அடிக்கிறது, இவளுக்குச் சம்பளம் கொடுத்து வளர்க்கச் சொல்கிறார்கள். வலைக்கூண்டு கூண்டாகக் கொசு. கோமதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மீனாட்சி இரண்டு கண்ணாடிக் குழாய்களில் மருந்து தடவிய காகிதத்தைச் சுருட்டி வைத்து, இந்தக் கூண்டிலிருந்து கொஞ்சம், அந்தக் கூண்டிலிருந்து கொஞ்சம் என்று கொசுக்களை விட்டாள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம். ஒரு குழாயில் எல்லாம் செத்துக் கிடந்தன. மற்றதில் பெரும்பாலானவை காகிதத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தன.

"இதுக மருந்துக்குப் பழகிட்டுதுகளா?" என்றேன். எங்கள் கடையில் கொசுவத்தி வாங்குகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"இல்ல மாமா. ஒரு கொசுவும் பழகல, கத்துக்கவும் இல்ல. ரொம்பத் தலைமுறைக்கு முன்னாடி இதே மருந்தை அடிச்சாங்க. கிட்டத்தட்ட எல்லாம் செத்துச்சு. சிலதுக்கு மட்டும் உடம்புல ஏதோ சின்ன மாத்தம், மருந்துக்கு முன்னாடியே இருந்தது. அதுங்க சாகல. சாகாததுதானே முட்டை போடும்? இப்ப இந்தக் கூண்டுல இருக்கறதெல்லாம் அதுங்க பிள்ளைங்க."

"யாரும் அதுகளத் தேர்ந்தெடுக்கலியா?"

"மருந்து தேர்ந்தெடுத்துச்சு. ஆனா அதுக்குத் தெரியாது."

கோமதி முந்தானைக்குள்ளிருந்து கேட்டாள்: "அதுக்கும் ஒன் ரத்தத்துக்கும் என்ன தாயி சம்பந்தம்?"

மீனாட்சி கேண்டீனில் வைத்துச் சொன்னாள். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். முன்காலத்தில் குளிர்காய்ச்சல் ஊரையே காலி செய்யும். கொசு கடித்து வரும் காய்ச்சல். குழந்தைகள்தான் அதிகம் சாகும். சில பேருக்கு ரத்தத்தில் ஒரு சிறு மாற்றம் பாதியளவு இருந்தது. அந்த ரத்தத்தில் காய்ச்சலுக்கு அவ்வளவாக வேலை செய்ய முடியவில்லை. அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகம் பிழைத்தார்கள், வளர்ந்தார்கள், பிள்ளை பெற்றார்கள். பிள்ளைகளில் சிலருக்கு அதே ரத்தம். அப்படியே அது ஊரில் பெருகியது. காய்ச்சல் கிடந்த நாட்டிலெல்லாம் இப்படித்தான், வங்காளத்தில் நிறையப் பேருக்கு உண்டு, நம் பக்கத்திலும் உண்டு என்றாள். இரண்டு பக்கத்திலிருந்தும் அந்தப் பாதி வந்து ஒரு குழந்தையிடம் சேர்ந்தால்தான் ஆபத்து. சொந்தத்துக்குள்ளேயே கட்டினால் சேர வாய்ப்பு அதிகம்.

கோமதி டீயை வைத்துவிட்டாள். அவள் வீட்டுக் குலதெய்வம் மலையடிவாரத்தில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கல் வைப்பார்கள். அந்தக் கதை எனக்கும் தெரியும். காய்ச்சல் வருஷத்தில் அந்த ஊரில் வீடு வீடாகச் செத்தார்கள். இவர்கள் வீட்டில் ஒரே ஒரு பெண் குழந்தையின் நெற்றியில் அம்மன் குங்குமம் வைத்தாள், அது பிழைத்தது, அந்தக் குழந்தை வழி வந்தவர்கள்தான் எல்லோரும். கதையை மீனாட்சியும் அறிவாள். நான் கடைசி வாய் டீயைக் குடித்தேன். சர்க்கரை அதிகம்.

அன்று மத்தியானம் செந்தில் வந்தான். விஷயத்தைக் கேட்டதும், "டெஸ்ட் எடுத்துருவோம்ப்பா, அதுக்கென்ன" என்றான். அவனும் மீனாட்சியும் பால்கனியில் நின்று ரொம்ப நேரம் பேசினார்கள். அவள் அவனுடைய தலைமுடியைக் கிண்டல் செய்வது கேட்டது. உள்ளே நாங்கள் நான்கு பேரும் டிவியை நிறுத்திவிட்டுப் பேப்பர் படித்தோம். வங்காளிப் பேப்பர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ராகு காலம் முடிந்த பிறகுதான் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றாள் கோமதி. அது முடிந்து லேபுக்குப் போனபோது, ரத்தம் எடுப்பவர் சாப்பிடப் போயிருந்தார். உட்கார்ந்தோம். அவர் வந்து யாருக்கு என்றதும் கோமதி கையை நீட்டினாள். "எனக்கும் எடுங்க." சொன்னதும் நானும் நீட்டினேன். என் வம்சம் சும்மா போகக் கூடாது.

வீட்டுக்குத் திரும்பினால் மாசிமாவின் தம்பி மகள் ரியா படியில் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது இருக்கும், ஐந்து வயசுக்காரியின் உடம்பு. என் நெற்றி விபூதியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்கும் வை என்றாள். வைத்தேன். செந்தில் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்து அவனிடம் ஏதோ கேட்டாள். மீனாட்சி தமிழில் சொன்னாள்: "உனக்கு ரத்தம் ஏத்துனாங்களா, எடுத்தாங்களான்னு கேக்கறா."

"எடுத்தாங்க" என்றான் செந்தில்.

குழந்தை அவனைப் பொறாமையோடு பார்த்தது. எடுப்பதற்கு ரத்தம் இருக்கிறதே என்று.

சனிக்கிழமை காளி கோயிலுக்குப் போனோம். பூசாரி கோத்திரம், பெயர் கேட்டுவிட்டு, என்ன வேண்டுதல் என்றார். உன்னைப் போன்ற ஒருத்தி ஒரு குழந்தையைக் காப்பாற்றினாளே, அந்தக் காப்பு என் மகனிடம் மட்டும் இல்லாமல் போகட்டும் என்று எப்படிக் கேட்பது? நல்லபடியாக நடக்கட்டும் என்று பொதுவாகச் சொன்னேன். பொதுவாகச் சொன்னால் அவளுக்குப் புரியாதா என்ன.

முடிவு வர வேண்டிய அன்றைக்குத் தெருவில் ஊர்வலம். பாலிகஞ்சில் ஒரு சொந்தக்காரரைப் பார்க்கக் கிளம்பியவர்கள் பாதி வழியில் திரும்பிவிட்டோம். வீட்டுக்குள் நுழையும்போது செந்திலின் போனில் மணி அடித்தது. பார்த்தான். நின்ற இடத்திலேயே நின்றான்.

"அப்பாவுக்கு இல்ல" என்றான். "அம்மாவுக்கு இருக்கு. எனக்கும் இருக்கு."

படித்த காலத்தில் நான் எந்தப் பரீட்சையிலும் பாஸ் ஆனதில்லை. முதல் முதலாக ஒன்றில் பாஸ் ஆனேன். கொஞ்சமும் சந்தோஷம் இல்லை.

ராஜம் சமையலறைக்குள் போய்விட்டாள். செந்தில் மீனாட்சியிடம் சொன்னான்: "நாலுல ஒண்ணுதானே மினு?" அந்த வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இவனும் இரண்டு நாளில் பழகிவிட்டான்.

"நாலு பிள்ளைல ஒண்ணு இல்ல. ஒவ்வொரு தடவையும் நாலுல ஒண்ணு."

"வயித்துல இருக்கும்போதே பாத்துக்கலாம்னு நெட்டுல போட்டிருக்கு."

"பாக்கலாம். இருக்குன்னு சொன்னா என்ன பண்ணுவ?"

அவன் போனைப் பைக்குள் போட்டான்.

"அப்படிக் கட்டிக்கறவங்க இருக்காங்க. தப்புன்னு சொல்லல. என்னால முடியாது. ரியாவை நான்தான் மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஊசி குத்தும்போது என் விரலைத்தான் பிடிச்சுக்குவா." மீனாட்சி குரல் உடையாமல்தான் சொன்னாள். "வேண்டாம், செந்தில்."

அத்தான் என்று சொல்லவில்லை என்பதை எல்லோரும் கவனித்தோம்.

சங்கரலிங்கம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பூ வெச்ச பொண்ணு அத்தான். போட்டோ ஊரெல்லாம் போயாச்சு. நாளைக்கு வேற எடத்துல கேட்டா, திசையன்விளைக்காரங்க ஏன் வேண்டாம்னு போனாங்கன்னுதானே முதல்ல விசாரிப்பாங்க?"

அவன் சொன்னது நிஜம். எங்கள் குடும்பக் குழுவில் ஏற்கெனவே கல்யாண மண்டபம் வரை பேச்சு போயிருந்தது. இனி நின்றுபோயிற்று என்றால் பெண்ணுக்கு என்ன குறை என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஜாதகத்தைக் காரணம் சொல்லலாமா என்று யோசித்தேன். ஜோசியரும் அந்தக் குழுவில் இருக்கிறார்.

கோமதி அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க அம்ம வழியா, அப்பா வழியான்னு தெரியுமா?" என்று மீனாட்சியைக் கேட்டாள்.

"தெரியாது அத்தே. அப்பாவுக்கும் உங்களுக்கும் பொதுவா மேல யார்கிட்டயோ இருந்து வந்திருக்கலாம்."

"அந்தக் குங்குமம் வெச்ச பிள்ளைட்ட இருந்தா?"

"இருக்கலாம். அது பொழைக்கலன்னா நீங்களும் இல்ல, நானும் இல்ல."

கோமதி எழுந்து செருப்பைப் போட்டாள். "பூ எங்கன கிடைக்கும்?" என்றாள். லேக் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனாள் மீனாட்சி. அத்தையும் அவளும் மட்டும் போனார்கள். திரும்பி வரும்போது கோமதி கையில் மல்லிகைச் சரம் இருந்தது. மூச்சு வாங்க உட்கார்ந்து, அதை மீனாட்சி தலையில் வைத்துவிட்டாள். பிறகு செந்திலைப் போட்டோ எடுக்கச் சொன்னாள். அவன் எடுத்தான். போட்டோ அவ்வளவு தெளிவாக இல்லை. அதையே அதே குழுவில் போட்டுவிட்டு, போனை வாயருகே பிடித்துப் பேசி அனுப்பினாள்:

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இந்தக் கல்யாணம் நடக்கல. பொண்ணு மேல ஒரு குத்தமும் கிடையாது. ரத்தத்துல ஒண்ணு இருக்கு, அது எனக்கும் இருக்கு, என் மவனுக்கும் இருக்கு. அதான் ரெண்டு பேருக்கும் சேராது. மறைக்காம சொன்னவ இவதான், நாமதான் கேக்காம பூ வெச்சோம். இவ என் தம்பி மவ. இவளப் பத்தி யாராவது ஒரு வார்த்தை பேசினா எங்கிட்ட வந்து பேசுங்க."

முப்பது வருஷமாக என் மனைவி இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. சங்கரலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ரயில் ஏற்றிவிட எல்லோரும் வந்தார்கள். மாசிமா எனக்கென்று தனியாக லூச்சி என்ற வங்காளிப் பூரியும் உருளைக்கிழங்கும் கட்டிக் கொடுத்தார். மீன் தலை இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். செந்தில் விமானத்தைப் பிடிக்கப் போக வேண்டும். மீனாட்சி அவனிடம், "முடியை வெட்டு" என்றாள். அவன் சிரித்தான். அவ்வளவுதான் அவர்கள் பேசிக்கொண்டது.

என் வேண்டுதல் அப்படியே இருக்கிறது. மகன் கல்யாணம் முடியும்வரை என்றுதான் சொன்னேன், எந்தப் பெண் என்று சொல்லவில்லை. மீன் இன்னும் தள்ளிப்போகிறது. அம்மன் அந்தக் குழந்தைக்குக் குங்குமம் வைத்தாள் என்பதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. எந்த இடத்தில் வைத்தாள் என்பது மட்டும் இப்போது தெரிகிறது. நெற்றிக்கு உள்ளே வைத்திருக்கிறாள்.

ரயில் கிளம்பிச் சூரியன் இறங்கும் நேரத்தில் கோமதியின் போனில் செய்தி மணி அடித்தது. அவளுடைய சின்னம்மை மகள். அவள் மகளை அண்ணன் மகனுக்குத் தை மாதம் கொடுப்பதாகப் பேச்சு. "அக்கா, அந்த ரத்தம் எங்க பாக்கது? திருநவேலில பாப்பாவளா?" என்று குழுவிலேயே கேட்டிருந்தாள். அதற்குக் கீழே இன்னொருத்தி எனக்கும் சொல்லுங்க என்று போட்டிருந்தாள். அதற்குக் கீழே இன்னொருவர். ஜோசியர் பார்த்துவிட்டார் என்பது தெரிந்தது.

கோமதி மீனாட்சிக்குப் போன் போட்டு விவரம் கேட்டு, ஒவ்வொருத்தருக்கும் பேசி அனுப்பிவிட்டு, அப்படியே ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஜன்னல் வழியாக ஒரு கொசு வந்து அவள் புறங்கையில் உட்கார்ந்தது. அடித்தால் எழுந்துவிடுவாள். மெதுவாக ஊதினேன். பறந்து போய் எதிர் சீட்டுக்காரரின் கழுத்தில் உட்கார்ந்தது. அவர் பட்டென்று அடித்தார். தப்பிவிட்டது.

அது ஒன்றும் கற்றுக்கொண்டிருக்காது. ஆனால் முட்டை போடும்.